அறக்கட்டளைக்குக் கொடுத்த படங்களுக்கு என்ன மதிப்பு போடுவது? அவசரம்

கூழைக்கடா:
வணக்கம். ஏரியைக் காப்பாற்றும் ஒரு அறக்கட்டளைக்குப் பறவைப் படங்கள் சும்மா கொடுத்தேன், அச்சில் போடுகிறார்கள். மதிப்பு எழுதிக் கொடுத்தால் ரசீது தருவார்களாம். எவ்வளவு எழுதுவது? நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு தரும் 80ஜி-யில் கழிக்கலாம்தானே? நாளைக்குள் கொடுக்க வேண்டும்.

நெகட்டிவ் பெட்டி:
எத்தனை படம்? பிரிண்ட் போட்டுக் கொடுத்தீர்களா, ஃபைலா? காலண்டரா, புத்தகமா? எத்தனை பிரதி?

டெலி லென்ஸ்:
கேமரா, லென்ஸ், பயணச் செலவு எல்லாம் கூட்டிப் படத்துக்கு இவ்வளவு என்று பிரித்துப் போடுங்கள். நான் எப்போதும் அப்படித்தான்.

நெகட்டிவ் பெட்டி:
அது உங்கள் செலவு சார், படத்தின் மதிப்பு இல்லை. அதே அளவில், அதே பிரதிகளுக்கு ஒரு பத்திரிகையிடம் என்ன வாங்குவீர்களோ அதுதான் மதிப்பு. அட்டைக்குக் கூடுதல், உள்பக்கத்துக்குக் குறைவு. பழைய பில் இருந்தால் நகல் வையுங்கள்.

பேரேடு:
தம்பி, இதற்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. 80ஜி பணமாகக் கொடுத்தால்தான். பொருளுக்கும் படத்துக்கும் கிடையாது. ரொக்கம்கூட 2,000 ரூபாயைத் தாண்டினால் செல்லாது. புதிய வரி முறை என்றால் 80ஜி-யே இல்லை. நீங்கள் எந்த முறை?

டெலி லென்ஸ்:
அப்போ பில் போட்டுப் பணம் வாங்கி, அதையே காசோலையாகத் திருப்பிக் கொடுத்தால்?

பேரேடு:
40,000 வாங்கினால் முழுவதும் வருமானம். கழிவு பெரும்பாலும் பாதிதான், 20,000. மிச்சத்துக்கு வரியை யார் கட்டுவது?

கல்யாண ஆல்பம்:
அச்சகத்துக்கும் காகிதத்துக்கும் கொடுக்கிறவர்கள் படத்துக்கு மட்டும் ஏன் கொடுப்பதில்லை? சும்மா கொடுத்துப் பழக்குகிறவர்களால் எங்கள் பிழைப்புதான் போகிறது.

நெகட்டிவ் பெட்டி:
ஏரியைக் காப்பாற்ற அலைகிறவர்களிடம் பில் நீட்ட எனக்கு மனசு வராது. நான் கொடுப்பேன். ஆனால் எந்த அச்சு, எத்தனை பிரதி, எத்தனை ஆண்டு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான். காலம் எழுதாமல் விட்டால் பதிப்புரிமைச் சட்டப்படி 5 ஆண்டு என்றாகிவிடும்.

கல்யாண ஆல்பம்:
அலைகிறவர்களுக்குச் சம்பளம் இல்லையா அண்ணா? எனக்கும் வீட்டு வாடகை இருக்கிறது.

கூழைக்கடா:
12 படம், ஃபைல்தான், காலண்டர், 1,000 பிரதி. பழைய வரி முறை. ஆடிட்டரும் 80ஜி கிடையாது என்றார். அவர்கள் கணக்குக்காக ஒரு மதிப்பு எழுதிக் கொடுத்தேன். ஒரு ஆண்டு, இந்தக் காலண்டருக்கு மட்டும் என்றும் சேர்த்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

டெலி லென்ஸ்:
சரி, எவ்வளவு எழுதினீர்கள்?