கோடை முகாமில் பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நகரி அம்மா:

எங்களுக்கு ஆந்திராவில் இருக்கிற நகரி. இங்கே ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் விட்டால் ஜூன் இரண்டாம் வாரம்தான் திறப்பார்கள். வீட்டுக்காரர் விடிந்ததும் தறிக்குப் போய்விடுவார், நான் ஒரு கடையில் மதியம் வரை கணக்கு எழுதுகிறேன், 8 வயசுப் பையனை அத்தனை நாளும் தனியாக விட முடியுமா? அதனால் போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பக்கத்துத் தெருவில் நடந்த கைவினை முகாமில் சேர்த்துவிட்டேன். யார் நடத்தினார்கள் என்று எழுதப் போவதில்லை.

ஐந்தாம் நாள் பையன் ஒரு ஐஸ்குச்சி வீடு கொண்டுவந்தான். கூரை, ஜன்னல், வாசல்படி எல்லாம் வைத்து அவ்வளவு அழகு. டிவி மேல் வைத்து போட்டோ எடுத்து மாமியாருக்கு அனுப்பினேன். ராத்திரி சாப்பிடும்போது பார்த்தால் வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு இடது கையால் ரசம் சாதத்தை அள்ளுகிறான். இழுத்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நுனியில் கொப்புளம், அதன்மேல் டூத்பேஸ்ட் காய்ந்து வெள்ளையாக ஒட்டிக் கிடக்கிறது. பசையைச் சூடாக்கி உருக்கி ஒட்டுகிற குளூ கன்னிலிருந்து சொட்டிய பசையாம். காலை 11 மணிக்கு நடந்திருக்கிறது, எனக்குத் தெரிந்தது ராத்திரி 8 மணிக்கு. நடுவில் நானேதான் போய் அவனைக் கூட்டிவந்தேன், வாசலில் நின்ற சார் சிரித்துக்கொண்டே பையைக் கொடுத்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாங்கள் அரக்கோணத்திலிருந்து இங்கே வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவனுக்குத் தெலுங்கு புரியும், பேச வாய் வராது. எரிகிறது என்று சொல்லத் தெரியாமல் விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அவர்கள் "பையன் அழவில்லை, ஒன்றுமில்லை" என்று விட்டுவிட்டார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

மறுநாள் டாக்டர் சொன்னதை எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். சூடு பட்டால் உடனே குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்ட வேண்டும். பேஸ்ட், மஞ்சள், வெண்ணெய், ஐஸ் எதுவும் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. பெரிய குளூ கன்னில் பசை கிட்டத்தட்ட 190 டிகிரி வரை சூடாகும், அதைப் பக்கத்தில் பெரியவர் இல்லாமல் 8 வயசுப் பிள்ளை கையில் கொடுத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து அவன் என்ன செய்து கொண்டுவருகிறான் என்று பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்க்கிறேன், முழங்காலைப் பார்க்கிறேன், தண்ணீர் பாட்டில் காலியாகியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.

போன வருஷம் இரண்டு மாதம் யோசித்து, மூங்கில் பேனாவால் துணியில் படம் வரைந்து சாயம் போடுகிற கலம்காரியைக் காளஹஸ்தியில் கற்றுக்கொண்ட ஒரு அக்காவிடம் விட்டேன். அவர் வீட்டுத் திண்ணையில்தான் வகுப்பு. சேர்க்கப் போன அன்றைக்குப் பணத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை, அரைமணி நேரம் என்னைத்தான் கேள்வி கேட்டார். எது சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது, மூச்சிரைப்பு உண்டா, கூட்டிப்போக யார் யார் வருவார்கள், பாத்ரூம் போக வேண்டும் என்றால் வீட்டில் எப்படிச் சொல்வான் என்று. "ஒண்ணுக்கு" என்று சொல்வான் என்றேன், அதைத் தெலுங்கில் நோட்டில் எழுதிக்கொண்டார்!

கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து துணியை நனைப்பார்கள், பக்கத்தில் போனாலே ஒரு வாடை வரும், பிள்ளைகளுக்கு அதில் ஏகப்பட்ட குஷி. கறுப்பு மைக்கு இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்க விடுவார்கள். அந்தப் பானையை அக்கா பரண்மேல் வைத்திருந்தார், பிள்ளைகளுக்கு வடிகட்டிய மை மட்டும் சின்னக் கிண்ணத்தில். படிகாரம் தொட்ட கையோடு ஒருத்தரும் பொரி உருண்டையைத் தொடக் கூடாது, வரிசையில் நின்று சோப்பு போட்டுக் கழுவிய பிறகுதான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவரிடமிருந்து போன். எனக்குக் கை கால் ஓடவில்லை. மூங்கில் பேனா முனை உள்ளங்கையில் லேசாகக் குத்திவிட்டதாம். "சின்னதுதான்மா, ரத்தம்கூட வரல. ஆனா நீங்க சாயங்காலம் பையன் சொல்லித் தெரிஞ்சுக்கக் கூடாது, நான்தான் சொல்லணும்" என்றார். அந்தப் போனுக்காகவே அவர் எவ்வளவு கேட்டாலும் நான் கொடுப்பேன். பையன் அந்த மாதம் துணியில் வரைந்தது நகரி மூக்கு மலை. கோடு கோணல்தான், சாயம் கொஞ்சம் பரவிவிட்டது, முழுக்க முழுக்க அவன் கை.

புத்தூர் டீச்சர்:

கடைசி வரியைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் இரண்டு கோடை ஒரு முகாமில் உதவி டீச்சராக இருந்தேன். 34 பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர். ஒருவர் சின்னப் பிள்ளையை பாத்ரூமுக்குக் கூட்டிப்போனால் மீதி 33 பேர் கையில் கத்தரிக்கோலோடு ஒரே ஆள் கண்ணில். கடைசி நாள் கண்காட்சிக்கு முந்தின ராத்திரி நாங்கள்தான் உட்கார்ந்து பிள்ளைகள் செய்ததையெல்லாம் திருத்தி ஒட்டிப் பளபளப்பாக்குவோம், பெற்றோர் அதைத்தானே பார்ப்பார்கள் என்று. 5 வயசுப் பெண் ஒருத்தி பாவாடையை நனைத்துக்கொண்டு மூலையில் ஒரு மணி நேரம் நின்றதை நான் கவனிக்கவே இல்லை. அவளுடைய அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன், அந்த வருஷத்தோடு நின்றுவிட்டேன். சேர்ப்பதற்கு முன்னால் எத்தனை பிள்ளை, எத்தனை பெரியவர் என்று கேளுங்கள். நேரில் போய் பாத்ரூமைப் பாருங்கள். அங்கே தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டுகிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும். இன்னொன்று, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதற்குப் பேர்போன புத்தூர்க்காரி நானே சொல்கிறேன்: பிள்ளை கீழே விழுந்து கை வீங்கினால் முகாம்காரர்களே கட்டுப் போடுகிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. அசைக்காமல் வைத்து முதலில் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும், எக்ஸ்ரேயா கட்டா என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும்.

கொழிஞ்சாம்பாறை:

எங்கள் பாலக்காட்டுப் பக்கம் ஏப்ரல், மே லீவு. வாயனசாலையில், அதாவது ஊர் நூலகத்தில், பாலவேதி என்கிற சிறுவர் மன்றப் பிள்ளைகளுக்கு முகாம் நடத்துவார்கள், குருத்தோலையில் கிளி, பாம்பு, பந்து செய்யச் சொல்லித் தருவார்கள், செலவு ஒன்றும் பெரிதாக இல்லை. இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதால் காலை 8 மணிக்கு ஆரம்பித்து 11 மணிக்கெல்லாம் விட்டுவிட்டார்கள், நடுவில் இரண்டு தடவை மோர். மாஷ் (வாத்தியார்) மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொல்ல காலேஜ் படிக்கும் ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள், பாதிப் பிள்ளைகள் தமிழ்தான். ஒரே குறை, ஒருநாள் நான் போவதற்குள் என் மகளைத் தெரிந்தவர் ஒருவரோடு அனுப்பிவிட்டார்கள். நல்ல மனுஷர்தான், ஆனாலும் அந்தப் பத்து நிமிடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போய்ச் சொன்னேன். மாஷ் சண்டைக்கு வரவில்லை, மறுநாளே வாசலில் ஒரு நோட்டு வைத்து, கூட்டிப்போகிறவர் கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளை வெளியே வரும் என்று மாற்றிவிட்டார்.

நகரி அம்மா:

டீச்சர், நீங்கள் இதை வெளிப்படையாக எழுதியது பெரிய விஷயம். நன்றி.

முதல் முகாமில் போய்க் கேட்டீர்களா என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். கேட்டேன். "சின்ன சூடுதானே, நீங்களே பையனை பயந்தாங்கொள்ளி ஆக்கிடுவீங்க" என்றார். மீதிப் பணத்தைக்கூடக் கேட்காமல் பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கலம்காரி அக்கா இந்த வருஷமும் 12 பேரோடு நிறுத்திக்கொண்டார். என் நாத்தனார் மகளுக்கு இடம் கேட்டேன், இன்னொரு பிள்ளையைச் சேர்த்தால் என்னால் கவனிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வருத்தம். இப்போது அடுத்த வருஷத்துக்கு அவள் பெயரை அந்த நோட்டில் எழுதிவைத்துவிட்டு வந்திருக்கிறேன், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்பதையும் சேர்த்து.