நெஞ்சு துடித்தால் துடிக்கட்டும்: உங்கள் அனுபவம் என்ன?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் 200 பேர் இருந்த அரங்கில் பேச வேண்டியிருந்தது. மேடை ஏறும் முன்பே வயிற்றில் புளியைக் கரைத்தது. தண்ணீர் குடித்தேன், மூச்சை எண்ணினேன், 'டென்ஷன் ஆகாதே, டென்ஷன் ஆகாதே' என்று ஜபம் மாதிரி சொல்லிப் பார்த்தேன். எதுவும் எடுபடவில்லை. கையிலிருந்த தாள் நடுங்கியது. அதுகூடப் பரவாயில்லை, அந்தச் சரசரப்பு மைக்கில் கேட்டது! முன்வரிசையில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார், என்னை அல்ல, தாளை. அதற்கப்புறம் என்ன பேசினேன் என்பது எனக்கே நினைவில்லை.

பிறகுதான் ஆலிசன் உட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றித் தெரிய வந்தது. பாட்டு, மேடைப் பேச்சு, கணக்கு மூன்றிலும், தன் படபடப்பை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்களாம். பதற்றமோ உற்சாகமோ, உடம்பு ஓடுவது ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான். அந்த வேகத்தைச் சட்டென்று குறைப்பது கஷ்டம், அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம்.

ஆனால் 'உற்சாகமாக இருக்கிறேன்' என்பது என் வாயில் வரவே இல்லை, வாழ்த்து மடல் வாசிப்பது போல இருந்தது. 'துடிப்பா இருக்கேன்' என்று மாற்றிக்கொண்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டாலும் துடிப்புதான், ஆள் சுறுசுறுப்பாக இருந்தாலும் துடிப்புதான். பொய் சொல்கிற உறுத்தல் இல்லை. அடுத்த முறையும் கை நடுங்கத்தான் செய்தது. தாளை ஸ்டாண்டில் வைத்துவிட்டேன். முதல் இரண்டு நிமிடம் குரல் பிசிறியது, ஒரு ஸ்லைடை விட்டுவிட்டேன். ஆனால் பேசியது எல்லாம் நினைவிருக்கிறது.

உங்களுக்கு இப்படி ஏதாவது?

*

டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போனபோது நானும் 'துடிப்பா இருக்கேன்' ரகத்தில் ஏதோ சொல்லிக்கொண்டேன். கிளட்ச் மேல் இருந்த கால் தையல் மெஷின் மாதிரி ஆடியது, சரி ஆடட்டும் என்று விட்டேன். ஃபெயில். ரிவர்ஸ் பார்க்கிங்கை நான் பழகவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

*

எனக்குத் தேர்வில் பலித்தது. முதல் கேள்வியைப் பார்த்ததும் மண்டை காலி, காதுக்குள் இதயம் அடிக்கிற சத்தம் மட்டும். முன்பெல்லாம் இந்த இடத்தில் 'அவ்வளவுதான், போச்சு' என்று உட்கார்ந்துவிடுவேன். ஜெரமி ஜேமிசன் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வு பற்றி ஒரு ஆசிரியர் சொல்லியிருந்தார்: இந்தப் படபடப்பு தேர்வுக்கு உதவக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட மாணவர்கள் மாதிரித் தேர்வின் கணக்குப் பகுதியில் அதிக மதிப்பெண் வாங்கினார்கள், பின்னால் எழுதிய நிஜத் தேர்விலும் அப்படியே. அது ஞாபகம் வந்தது. 'இப்போதுதான் இன்ஜின் சூடாகிறது' என்று நினைத்துக்கொண்டு மூன்றாம் கேள்விக்குத் தாவினேன். திரும்பி வந்தபோது முதல் கேள்வி தானாகவே புரிந்தது.

*

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து உண்டு, முதலில் அனுபவத்தைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதயம் நின்றுபோன ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறார், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. என் வேலை மருந்தை எடுத்துக் கொடுப்பது. ஆம்பூலை, அதாவது மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பியை, உடைக்க முடியவில்லை, விரல் அவ்வளவு நடுங்குகிறது. அப்போது லேபிள் கண்ணில் பட்டது: அட்ரினலின், 1 மி.கி. அந்த நொடியில் கிட்டத்தட்டச் சிரிப்பே வந்துவிட்டது. நின்ற இதயத்தை ஓட்ட எதை ஏற்றுகிறோமோ, அதையேதான் என் உடம்பும் சுரந்துகொண்டிருக்கிறது. என்னை ஆட்டுவதும் அதுதான், அந்த மனிதருக்குத் தேவைப்படுவதும் அதுதான். மூச்சுக்குழாயை விரிக்கிறது, கல்லீரலிலிருந்து சர்க்கரையை இறக்குகிறது, இதயத்தை முடுக்குகிறது. கை நடுக்கத்தோடேயே ஆம்பூல் உடைந்தது. இன்றைக்கும் கை ஜில்லிட்டால் 'ஓ, மருந்து ஏறுது' என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

சரி, மாறுபடுவது எங்கே என்றால், இது அரை மணி நேரச் சமாசாரத்துக்குத்தான். ஒரு சமயம் ஆள் பற்றாக்குறையில் நைட் டியூட்டி தொடர்ந்து வந்தது. மேலதிகாரி எங்களை உட்காரவைத்து, மன அழுத்தத்தை நல்லதாகப் பாருங்கள் என்று ஒரு வீடியோ போட்டார். அதில் வந்த 43 சதவீதக் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும்: கடும் அழுத்தத்தில் இருந்து, அது உடம்பைக் கெடுக்கிறது என்றும் நம்பியவர்களுக்கு முன்கூட்டியே இறக்கும் அபாயம் அவ்வளவு அதிகம் என்று 2012-இல் வந்த ஆய்வு. அது 1998-இல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கெடுப்பை வைத்துச் செய்தது. நம்பிக்கைதான் ஆளைக் கொன்றது என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர்தானே 'இது என்னைக் கெடுக்கிறது' என்று அதிகம் சொல்வார்? வீடியோ முடிந்ததும் ஒரு சீனியர் அக்கா கேட்டார், "பார்வையை மாத்திக்கிறோம் சார், இன்னும் ரெண்டு பேரைப் போடுவீங்களா?" பதில் வரவில்லை.

*

முதலில் எழுதியவன்தான். அந்த அக்காவுக்கு என் வணக்கம். டிரைவிங் நண்பர் சொன்னதும் உண்மை, என் இரண்டாவது பேச்சை வீட்டில் பத்துப் பதினைந்து தடவையாவது பேசிப் பார்த்திருப்பேன். அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

வியாழக்கிழமை அடுத்தது, இந்த முறை ஸ்டாண்ட் இருக்காதாம். குறிப்பையெல்லாம் கெட்டி அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆட்டிப் பார்த்துவிட்டேன், சத்தம் வரவில்லை.