விஎஸ்சி லைட்டும் போர்ட்டிகோ சரிவும்

ஸ்பானர் 14:
ஆக்சியோ 141ங்கிறவர் இங்க நேத்துப் போட்ட பதிவைப் பார்த்ததில இருந்து எரிச்சல் அடங்கல்ல. பெட்டரி மாத்தின பிறகு வழுக்கிற கார் படம் போட்ட லைட்டும் விஎஸ்சி (கார் வழுக்காம தானா பிரேக் போட்டுப் பிடிக்கிற சிஸ்டம்) லைட்டும் அணையல்லையாம், வீட்டு போர்ட்டிகோவிலயே ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கிற சொக்கட்ல 4ஆம் பின்னையும் 12ஆம் பின்னையும் வயர் துண்டால தொடுத்து, சென்சருக்கு எது பூச்சியம்னு காட்டுற கலிபிரேஷனைப் பண்ணி முடிச்சிட்டாராம், இதுக்குக் கராஜுக்குப் போறவன் எல்லாம் ஏமாளியாம். நான் கேக்கிறது ஒன்னே ஒன்னு. உங்கட போர்ட்டிகோ மட்டமா? 1 டிகிரிக்கும் குறைவான சரிவு உள்ள தரையில தான் அந்தப் பூச்சியத்தை, ஜீரோ பொயிண்டை, எடுக்கணும்னு டொயோட்டா மனுவல்லயே போட்டிருக்கு. வெள்ளவத்தைப் பக்கம் லேன் எல்லாம் காலி வீதியில இருந்து கடலைப் பார்த்து இறங்குது, அதுக்குள்ள வீடு, அதுக்குள்ள மழைத்தண்ணி ஓடச் சரிச்சுப் போட்ட போர்ட்டிகோ.

ஆக்சியோ 141:
லைட் அணைஞ்சுதா இல்லையா அண்ணை? அணைஞ்சுது. பிறகென்ன. நான் ஒண்டும் கண்ணை மூடிக்கொண்டு செய்யேல்லை, 8 செக்கனுக்குள்ள 4 தரம் தொட்டுத் தொட்டு எடுத்து பழைய பூச்சியத்தை அழிச்சு, சுவிட்ச் ஓஃப் பண்ணி, திரும்பத் தொடுத்து சுவிட்ச் போட்டு, கியர் பார்க்கில, ஸ்டியரிங் நேர, லைட் மினுக்கிற வரைக்கும் காரில ஒரு விரல் படாமல் நிண்டனான். யோ சென்சர் பாக்கிறது கார் திரும்புற வேகத்தை. சரிவில நிண்டாலும் நிக்கிற கார் திரும்பாது தானே? சரிவு சரிவு எண்டு ஏன் கத்துறியள்?

ஸ்பானர் 14:
யோ சென்சர் இருக்கிற அதே பெட்டிக்குள்ள கார் எந்தப் பக்கம் எவ்வளவு இழுபடுதுன்னு பார்க்கிற ஜி சென்சரும் இருக்கு தம்பி. யோ பூச்சியம் இல்லன்னா சி1210, ஜி சென்சர் பூச்சியம் இல்லன்னா சி1336, ரெண்டும் வேற வேற பழுது கோட். சரிவில நிக்கிற கார்ல பூமி இழுக்கிறதில ஒரு பங்கு ஜி சென்சர்ல விழும், 1 டிகிரிக்கு 0.017 ஜி. அதைப் பூச்சியம்னு எழுதி வைச்சா அந்தக் கணக்கோட தான் கார் கடைசி வரைக்கும் ஓடும். ஆக்சியோட வீல்பேஸ், முன் வீலுக்கும் பின் வீலுக்கும் இடையில தூரம், 2.6 மீட்டர், முன் டயருக்கும் பின் டயருக்கும் உயரத்தில 4.5 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தாலே 1 டிகிரி முடிஞ்சுது. அளந்தீங்களா?

மழைக்கால டிரைவர்:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. கோட் என்ன வந்திச்சு? முதல்ல 4ஐயும் 13ஐயும் தொடுத்தா ஏபிஎஸ் (பிரேக்கில வீல் இறுகாம பார்க்கிற சிஸ்டம்) லைட் மினுக்கி கோட் நம்பரைக் காட்டும், 31 முன் வலது வீல் சென்சர், 32 முன் இடது. அப்பிடி ஏதும்னா கலிபிரேஷன் எத்தனை தரம் செஞ்சாலும் பிரயோசனம் இல்ல. பிரேக் பெடல் சுவிட்ச் பழுதானாலும் விஎஸ்சி லைட் வரும். இன்னொன்னு, வாசிக்கிற ஆக்கள் 16ஆம் பின்னைத் தொட வேணாம், அது நேர பெட்டரி பிளஸ், 4ஓட சேர்ந்தா பியூஸ் போகும்.

ஆக்சியோ 141:
அளந்தாச்சு. போனை டைல்ல வைச்சு சரிவு அளக்கிற லெவல் அப்பில பார்த்தன். 0.8. ஒண்டுக்குக் கீழ தான். இனி என்ன சொல்லப் போறியள்?

ஸ்பானர் 14:
போனா! பின்னால கேமரா புடைச்சிருக்கிற போனைக் குப்புறவும் இல்லாம மல்லாக்கவும் இல்லாம ஒரு டைல்ல வைச்சு 0.8ஆ? ஒரு டைலோட சரிவு அது. நாலு டயர் நிக்கிற இடத்தோட சரிவு எங்க? மேசன்மார் மட்டம் பிடிக்கிற தண்ணிக் குழாயை முன் டயர்கிட்ட ஒரு நுனி, பின் டயர்கிட்ட ஒரு நுனி பிடிச்சு அளந்திட்டு வாங்க.

ஹைலெவல்:
சரிவைப் பத்திப் பேச இந்த ஸ்பானருக்கு என்ன தகுதி? போன வருஷம் இவர்கிட்ட முன் வீல் பெயரிங் மாத்தினேன், வீல் சென்சர் வாசிக்கிற காந்த வளையம் இருக்கிற பக்கத்தை வெளிய பார்க்க அடிச்சிட்டார். சென்சருக்கு சிக்னலே இல்ல, ஏபிஎஸ், விஎஸ்சி ரெண்டு லைட்டும் கிறிஸ்மஸ் மரம் மாதிரி. கேட்டா பஞ்சிகாவத்தையில வாங்கின பெயரிங் சரியில்லையாம்.

ஸ்பானர் 14:
பெயரிங் நீங்க வாங்கிட்டு வந்தது, நான் சொன்ன கடையில வாங்கல்ல, காசு மிச்சம் பிடிக்கப் போய் பெட்டி இல்லாத சாமான். அதை இங்க இழுக்க வேணாம். இங்க கதை சரிவு.

ஹைலெவல்:
பெட்டி இல்லாட்டியும் காந்தம் எந்தப் பக்கம்னு பார்க்க பாஸுக்குக் கண் இருக்கணுமே.

ஆக்சியோ 141:
ஹைலெவல் அண்ணை சொன்னது காணும். இன்னொண்டு, நான் முந்திப் போன ஒரு கராஜில முன்பக்கத்தை ஜாக் அடிச்சுத் தூக்கி வைச்சபடியே ஸ்கேனரைச் செருகி ஜீரோ எடுத்ததை என்ர கண்ணால பார்த்தனான். அவையின்ர 1 டிகிரி எங்க போச்சு? ஸ்கேனர் இருந்தால் சரிவு தெரியாதோ?

ஸ்பானர் 14:
அந்தக் கராஜ் செஞ்சது பிழைன்னா நீங்க செஞ்சது சரியாகிடுமா? 1997ல பென்ஸ் ஏ கிளாஸ் சுவீடன்ல ஒரு திடீர்த் திருப்பத்தில கவிழ்ந்த பிறகு தான் அந்தக் கம்பனி அந்தக் கார் எல்லாத்துக்கும் இந்த சிஸ்டத்தைப் போட்டுக் குடுத்திச்சு. லைட் அணைக்கிறதுக்குச் செஞ்ச சாமான் இல்ல இது. கடுகண்ணாவையில மழைக்குள்ள வளைவு எடுக்கிறப்போ எந்த வீலுக்கு எவ்வளவு பிரேக் போடணும்னு இந்த சென்சர் பெட்டி சொல்லுற கணக்கை வைச்சுத் தான் கொம்பியூட்டர் முடிவெடுக்கும், உங்கட கால் பிரேக்கில இல்லாட்டியும் போடும். 2020 மார்ச்சில இறக்குமதியை நிறுத்தி 2025 வரைக்கும் புதுக் கார் வராம ஊர்ல இருக்கிறதெல்லாம் பழசாகிப் போச்சு, வீல் சென்சர் வயர் எல்லாம் பச்சை பிடிச்சுக் கிடக்கு, இந்த நேரத்தில ஆளாளுக்கு வயர் துண்டோட இறங்கி லைட் அணைஞ்சா வேலை முடிஞ்சுதுன்னு எழுதினா அதை வாசிச்சு நாளைக்கு இன்னொருத்தன் லேன் சரிவில வைச்சு செய்வான். அதுக்குத் தான் கத்துறேன். சரிவு. சரிவு. சரிவு.

மழைக்கால டிரைவர்:
கோட் என்னன்னு இன்னும் ஒருத்தரும் சொல்லல்ல.

ஆக்சியோ 141:
அக்கா, லைட் அணைஞ்ச பிறகு கோட் எதுக்கு? ஸ்பானர் அண்ணை, போன மாசம் ஹைபிரிட் பெட்டரிக் கதையிலயும் இப்பிடித் தான் கடைசியா ஆள் கத்தினது, அங்கயும் நீங்கள் ஒரு நம்பரைப் பிடிச்சுக்கொண்டு விடேல்லை. உங்கட கராஜ் தரையைப் படம் எடுத்துப் போடுங்கோ, குழாயோட.

ஸ்பானர் 14:
என்ட தரை குழாய் பிடிச்சுப் போட்ட தரை. படம் எதுக்கு, காரைக் கொண்டு வாங்க, ஒரு சதம் எடுக்காம திரும்ப ஜீரோ எடுத்துத் தாறேன், முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசத்தைக் காட்டுறேன்.

ஹைலெவல்:
போக வேணாம் தம்பி, பெயரிங்கும் சேர்த்து மாத்திடுவார்.

ஆக்சியோ 141:
நான் ஏன் வாறது? குழாயோட நீங்கள் வாங்கோ. போர்ட்டிகோ இங்க தானே கிடக்கு.

ஸ்பானர் 14:
கொட்டாஞ்சேனையில இருந்து நான் வரணுமா! முதல்ல அந்த 0.8ஐ அழிங்க.