பெரியப்பா பிறந்த வருஷம்

கார்த்தி: பெரியப்பா அறுபதாம் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிறது. பின் அட்டை காலி. 1966இல் நடந்த நல்ல விஷயங்களைப் போடலாமா? சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள்.

வாத்தியார் மாமா: அருமை மாப்பிள்ளை. பராபவ வருஷம் சுற்றி வந்ததால்தானே திருக்கடையூருக்கே போகிறோம்! எழுதிக்கொள். அக்டோபர் 23, ஐ.நா. சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி கச்சேரி.

நித்யா: 👏👏

மன்னார்குடி அத்தை: அச்சுக்கே போயாச்சா? என்னிடம் யாரும் கேட்கவில்லையே.

சித்தப்பா: போன் பண்ணினேன் அக்கா.

மன்னார்குடி அத்தை: எப்போது?

பிரபு: மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினாரே?

வாத்தியார் மாமா: அது ஏப்ரல் முதல் வாரம். பங்குனி. அப்போது விசுவாவசு வருஷம்.

பிரபு: 1966தானே மாமா 😀

வாத்தியார் மாமா: சரி, போடு. ஆனால் நவம்பரை விட்டுவிடாதீர்கள். பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 வெளியிட்ட மாதம். மழை பொய்த்து, கப்பலில் வந்த அமெரிக்கக் கோதுமையை நாடே எதிர்பார்த்திருந்த காலம். இந்தோனேசியாவின் பீட்டா நெல்லோடு தைவான் குட்டை நெல்லைச் சேர்த்து உருவாக்கினார்கள். நம் பழைய நெல்லுக்கு உரம் கூடினால் கதிர் கனத்துச் சாய்ந்து சேற்றில் முளைத்துவிடும். இது குட்டை, சாயாது. 130 நாளில் அறுக்கலாம். எத்தனை வயிறு நிறைந்தது!

சித்தப்பா: சோறு ஆறினால் விறைக்கும். அப்பா தொடவே மாட்டார்.

மன்னார்குடி அத்தை: அம்மா அதை இட்லிக்குப் போட்டுத் தீர்ப்பாள். குதிர் நிறைந்தது அந்த நெல்லால்தான்.

நித்யா: குதிர் இப்போது யார் வீட்டில்?

சித்தப்பா: அந்தப் பேச்சு வேண்டாம்மா.

பிரபு: வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா சித்தப்பா?

சித்தப்பா: நேற்று ராத்திரி. ஏடிடி 43 நாற்று பறிக்க ஆள்தான் இல்லை.

வாத்தியார் மாமா: டிசம்பரில் கல்கத்தாவில் ராமநாதன் கிருஷ்ணன் நாலாவது செட்டில் 2-5 என்று பின்தங்கியும் பிரேசிலின் கோக்கை ஜெயித்தார். டேவிஸ் கோப்பை இறுதிக்கு இந்தியா முதல் முறையாகப் போனது. அதே மாதம் பாங்காக் ஆசிய விளையாட்டில் ஹாக்கித் தங்கம், பாகிஸ்தானை 1-0 என்று வென்று.

கார்த்தி: மாமா, ஆறு வரிதான் இடம்.

பெரியப்பா: ஐ.ஆர்.8 முதல் வரியில் வரட்டும்.

மன்னார்குடி அத்தை: எம்.எஸ். அம்மாதான் முதலில்.

பெரியம்மா: வேன் எத்தனை மணிக்கு? யாரும் சொல்லவே இல்லை.

சித்தப்பா: நாலரை. இல்லை, டிரைவரைக் கேட்டுச் சொல்கிறேன்.

மன்னார்குடி அத்தை: கார்த்தி, பத்திரிகையில் என் பெயர் எங்கே வருகிறது? போனை எடு.