28 வாரத்தில் ஸ்வாப் டெஸ்ட் பாசிட்டிவ்: கோவைக்குப் போய் ரூம் எடுக்கணுமா?

காங்கேயத்து மருமகள்:

வணக்கமுங்க. எனக்கு இது இரண்டாவது கர்ப்பம், இப்போது 28 வாரம். முதல் பையன் 34 வாரத்தில் பிறந்து பன்னிரண்டு நாள் இன்குபேட்டரில் இருந்தவன். அதனால் இப்போது வயிறு லேசாக இறுகினாலே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறார்கள்.

போன வெள்ளி விடிகாலை இடுப்புவலி. ஆஸ்பத்திரியில் டாக்டர் கைவிட்டுப் பார்த்து, கர்ப்பப்பை வாய் மூடித்தான் இருக்கிறது என்றார். அப்புறம் பஞ்சுக்குச்சியில் எடுத்து, குறைமாதத்திலேயே பிரசவம் ஆகிவிடுமா என்று பார்க்கிற ஃபைப்ரோநெக்டின் டெஸ்ட். பாசிட்டிவ். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்த ஸ்கேனில் வாயின் நீளம் 36 மி.மீ., மறுநாள் உள்வழி ஸ்கேனில் 27. ஒரே நாளில் ஒன்பது மி.மீ. எங்கே போனது?

வலி அன்று மதியமே நின்றுவிட்டது. குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போடுவதைப் பற்றித் திங்கட்கிழமை பேசலாம் என்றிருக்கிறார்கள். வீட்டுக்காரர் களத்தில் உடைத்துப் போட்ட தேங்காயை அப்படியே விட்டுவிட்டு, கோவையில் ரூம் பார்க்கலாம் என்கிறார். மாமியாருக்கோ நோம்பி முடியாமல் வாசல்படி தாண்டக்கூடாது. எதை நம்புவது?

பெருந்துறை அக்கா:

எனக்கும் 30 வாரத்தில் பாசிட்டிவ்தான். 39-இல் மூன்றேகால் கிலோவில் பெற்றேன். இந்த டெஸ்ட் எல்லாம் காசு பிடுங்கத்தான், விடுங்க.

ரிட்டயர்டு நர்ஸ், பொள்ளாச்சி:

பெருந்துறை அம்மணி, அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பிரசவ வார்டில் 26 வருஷம் இருந்தவள் சொல்கிறேன். இந்த டெஸ்ட் ‘இல்லை’ என்றால் நம்பலாம், ‘ஆமாம்’ என்றால் பாதிதான் நம்பலாம். நெகட்டிவ் வந்தால் நூற்றில் 95 பேருக்கு மேல் அடுத்த ஒரு வாரத்தில் பிரசவம் ஆகாது. பாசிட்டிவ் வந்தவர்களிலும் பெரும்பாலானவர்களுக்கு அந்த வாரத்தில் ஆவதில்லை.

ஃபைப்ரோநெக்டின் என்பது பனிக்குடப் பையைக் கர்ப்பப்பையோடு ஒட்டிவைக்கிற பசை மாதிரி. 22 வாரத்திலிருந்து 35 வாரம் வரை அது கீழே கசியக்கூடாது. ஆனால் கைவிட்டுப் பார்ப்பதற்கு முன்பே எடுக்கவேண்டிய சாம்பிள் அது. உங்களுக்குப் பின்னால் எடுத்திருக்கிறார்கள். ரத்தக்கசிவு இருந்தாலும், முந்தின 24 மணி நேரத்தில் கணவனோடு சேர்ந்திருந்தாலும் பொய்ப் பாசிட்டிவ் வரும். இதை யாரும் கேட்கமாட்டார்கள், நாமும் சொல்லமாட்டோம்.

ஒன்பது மி.மீ. எங்கேயும் போகவில்லை சாமி. வயிற்று ஸ்கேனுக்குத் தண்ணீர் குடிக்கவைத்திருப்பார்கள். மூத்திரப்பை நிரம்பி அழுத்தினால் வாய் நீண்டு தெரியும். சிறுநீர் போய்விட்டு வந்து உள்வழியாக எடுத்த 27-தான் கணக்கு. 25-க்குக் கீழே போனால் பயம் என்பது 24 வாரத்துக்கு முன் பார்க்கிற அளவு. 28-இல் 27 என்பது அவ்வளவு மோசமில்லை.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கனமாகப் படுவது அந்த முதல் பையன்தான். முன்பு குறைமாதம் என்றால் அடுத்ததிலும் வாய்ப்புக் கூடுதல். அதனால் சும்மா இருக்கச் சொல்லமாட்டேன். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சத்தமில்லாமல் வலியைக் கிளப்புவது பலமுறை அதுதான்.

ஊசி விஷயம் டாக்டர் முடிவு. டெக்சாமெத்தசோன் என்றால் 12 மணிக்கொருமுறை 6 மி.கி., நாலு தடவை. போட்டு ஒரு வாரத்துக்குள் பிறந்தால்தான் குழந்தையின் நுரையீரலுக்கு முழுப்பலன். வலி நின்றிருக்கிறபோது முந்திக்கொண்டு போட்டுவிட்டால், நிஜமாகத் தேவைப்படுகிற நாளில் அதன் பலன் குறைந்திருக்கும். இதை அப்படியே டாக்டரிடம் கேளுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டார்.

நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, விட்டுவிட்டு ஒழுங்காக வலி வந்தாலோ நோம்பியும் வேண்டாம், தேங்காயும் வேண்டாம், உடனே 108. குறைமாதக் குழந்தை வார்டு எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.

காங்கேயத்து மருமகள்:

அக்கா, நீங்கள் கேட்காமல் கேட்டதற்குப் பதில்: ஆமாம், வியாழன் இரவு. இன்று டாக்டரிடம் சொன்னேன், சிரித்துவிட்டார். சிறுநீரில் கிருமி இருக்கிறதாம், மாத்திரை ஆரம்பித்தாயிற்று. ஊசி இப்போது வேண்டாம், அடுத்த வாரம் உள்வழி ஸ்கேன் மட்டும். வீட்டுக்காரர் களத்துக்குப் போய்விட்டார், போனை மட்டும் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார்.