வெயில் பழகாத ஊரில் வெயில்: நீங்கள் கண்டதை எழுதுங்கள்

லண்டனிலிருந்து:

"நாற்பது டிகிரிக்கே இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று 2022 ஜூலையில் சொந்தக்காரர்கள் பலர் என்னிடம் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இதைத் தொடங்குகிறேன்.

அந்த ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. பிரிட்டன் 40-ஐத் தாண்டியது அதுவே முதல் தடவை. முந்தைய உச்சம் 2019-இல் கேம்பிரிட்ஜில் பதிவான 38.7. கடும் வெப்பத்துக்காகச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டதும் அப்போதுதான் முதலில்.

இங்கே வீடுகளைக் குளிருக்காகக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே புகுந்த சூடு லேசில் வெளியேறாது. சீலிங் ஃபேன் இல்லை, ஏசி இல்லை, எங்கள் சன்னல் ஒரு சாண் அளவுக்குத்தான் திறக்கும். மேல்மாடியில் இரவு படுக்கப் போகும் நேரத்திலும் சுவரில் கை வைக்க முடியவில்லை. தண்டவாளங்களை 27 டிகிரியைக் கணக்கில் வைத்து இறுக்குவது இங்குள்ள முறை. வெயிலில் இரும்போ காற்றைவிட 20 டிகிரி வரை கூடுதலாகச் சூடேறும். சூட்டில் நீண்டு தண்டவாளம் வளைந்துவிடலாம் என்பதால் ரயில்கள் ஊர்ந்தன, பல ரத்தாயின. லூட்டன் விமான நிலையத்தில் ஓடுபாதையின் மேற்பரப்பே எழும்பிவிட்டது.

ஓர் ஊர் எந்த வெப்பத்துக்குத் தயாராகியிருக்கிறது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடுவது சரியில்லை என்பது என் எண்ணம்.

வான்கூவர் அருகிலிருந்து:

நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. நான் முதியவர்களை வீட்டுக்கே போய்க் கவனிக்கும் வேலையில் இருக்கிறேன். 2021 ஜூன் கடைசி வாரம் இங்கே வளிமண்டலத்தின் மேலடுக்கில் உயர் அழுத்தம் அசையாமல் நின்றுவிட்டது. வெப்பக் குவிமாடம் என்கிறார்கள். மேலிருந்து காற்று கீழே இறங்கும்போது அழுந்திச் சூடாகிறது. மேகம் உருவாகாததால் வெயில் தடையின்றி விழுகிறது, மண்ணும் காய்ந்து தன் பங்குக்குச் சூட்டைக் கூட்டுகிறது. லிட்டன் என்ற சிற்றூரில் ஜூன் 27 அன்று 46.6, மறுநாள் 47.9, அதற்கு மறுநாள் 49.6. கனடாவின் பழைய உச்சம் 1937-இல் பதிவான 45 டிகிரி. 49.6 பதிவான மறுநாளே காட்டுத்தீயில் அந்த ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது.

நான் கவனித்துவந்த ஒரு பாட்டியின் வீட்டுக்குள் நுழைந்தபோது சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அவர் மேலே கம்பளிச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். "சூடா இருக்கா?" என்றால் "அப்படியொன்றும் இல்லை" என்கிறார். பேச்சு குழறியது, என் பெயர் அவருக்கு நினைவில்லை. வயதாகும்போது சூடும் தாகமும் தெரிவது குறைந்துவிடும். அதிலும் சில மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். கம்பளியைக் கழற்றி, ஈரத்துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருந்தேன். அவர் பிழைத்தார்.

எல்லோருக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. எங்கள் மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் அந்த வெப்ப அலையில் 619 பேர் இறந்ததாக மரண விசாரணை அறிக்கை கூறியது. அவர்களில் 98 விழுக்காட்டினர் இறந்தது கட்டடத்துக்குள்ளே. பாதிக்கு மேற்பட்டோர் தனியாக வாழ்ந்தவர்கள். வெப்பச்சாவு என்றால் நடுவெயிலில் மயங்கி விழுவதுதான் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மஸ்கட்டிலிருந்து:

வெயிலுக்குப் பழகிய ஊர்க்காரன் நான். என்னைக் கேட்டால் பகலைவிட இரவைத்தான் பார்க்க வேண்டும். 2018 ஜூன் 26 அன்று இந்தக் கடற்கரையில் உள்ள குரியாத்தில் வெப்பநிலை 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. நாளின் மிகக் குறைந்த அளவே அதுதான்! கடல் ஈரம் காற்றில் நிறைந்திருக்கும்போது வியர்வை ஆறாது. இரவும் ஆறாவிட்டால் உடம்புக்கு ஓய்வே இல்லை. எங்களைக் காப்பாற்றுவது ஏசி ஒன்றுதான், அதற்கு மின்சாரம் நிற்காமல் வர வேண்டும்.

மெல்போர்னிலிருந்து:

எங்கள் கோடை வேறு மாதிரி. வடக்கே பாலைவனம், தெற்கே குளிர்ந்த கடல். வடகாற்று அடித்தால் அனல், தென்மேற்குக் காற்று திரும்பினால் ஒரு மணி நேரத்துக்குள் 15, 20 டிகிரி இறங்கிவிடும். மதியம் சட்டை நனைய நடந்தவள், மாலையில் ஸ்வெட்டர் தேடியிருக்கிறேன். 2006 கிறிஸ்துமஸ் அன்று, கோடையின் நடுவில், எங்கள் விக்டோரியா மாநிலத்து மலைகளில் பனி பெய்தது. காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்த மாதம் அது.

இந்தக் குளிர்காற்று வந்தால் ஊரே பெருமூச்சு விடும். ஆனால் தீ எரியும்போது அது கொடியது. 2009 பிப்ரவரி 7 அன்று மெல்போர்னில் 46.4 டிகிரி. மாலையில் காற்று திசை மாறியதும், நீளமாக ஓடிய தீயின் பக்கவாட்டு முழுவதும் முகப்பாகி ஊர்கள்மேல் பாய்ந்தது. அன்றைய தீயில் 173 பேர் இறந்தார்கள். "குளிர்ந்துவிட்டது, இனிப் பயமில்லை" என்று இங்கே யாரும் சொன்னால் எனக்குப் பதைக்கும்.

ஊட்டிக்குப் போனவர்:

2024 ஏப்ரல் இறுதியில் அங்கே 29 டிகிரி, வழக்கத்தைவிட 5 டிகிரிக்கு மேல் அதிகம். 29 சிறிய எண்தான். ஆனால் தங்கிய அறையில் மின்விசிறி மாட்டக் கொக்கிகூட இல்லை.

லண்டனிலிருந்து:

வான்கூவர் அக்கா, தனியாக இருக்கும் பெரியவர்களுக்குத் தொலைவிலிருந்து என்ன செய்யலாம்?

வான்கூவர் அருகிலிருந்து:

"எப்படி இருக்கீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள், நன்றாக இருப்பதாகத்தான் சொல்வார்கள். அறையில் ஒரு வெப்பமானி மாட்டி, அது காட்டும் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். உள்ளே 26 வரை பரவாயில்லை. 31-ஐத் தாண்டினால் வயதானவர்களுக்கு ஆபத்து, குளிர்ந்த வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். மாலையிலும் இரவிலும் கூப்பிடுங்கள், வீட்டுக்குள் சூடு உச்சம் தொடுவது அப்போதுதான். பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் காத்திருக்காமல் உடனே பக்கத்து வீட்டுக்காரரை அனுப்புங்கள். அவருடைய எண்ணை இன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.