புதுப்பிப்பு: மூன்று தலைமுறைக்கும் ஒரே நூலகம் கிடைத்தது

ஆறு வயது மகள், பார்வை குறைந்த மாமனார், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தங்கை மூவரையும் சென்னையில் ஒரே இடத்துக்கு அழைத்துப் போக முடியுமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. ஞாயிற்றுக்கிழமை போனோம். தரைத்தளத்தில் பார்வையற்றோருக்கான பிரெய்ல் பிரிவு இருப்பதால் மாமனார் படியேற வேண்டியிருக்கவில்லை. பத்து வருடமாகப் புத்தகத்தைத் தொடாதவர், பிரெய்ல் பக்கம் ஒன்றை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிரெய்ல் படிக்கத் தெரியாது, ஆனாலும் எழுந்து வர மனமில்லை.

முதல் தளத்தில் சிறுவர் பிரிவு. நடுவே நிற்கும் செயற்கை மரத்தைக் கண்டதும் மகள் என் கையை உதறிவிட்டு ஓடினாள். கதை சொல்லும் நிகழ்ச்சி அன்று இல்லை. அதற்காகவே போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

எதிர்பாராதது ஒன்று: வீட்டிலிருந்து கொண்டுபோகும் புத்தகங்களை மற்றத் தளங்களுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. அதற்கென்று தரைத்தளத்திலேயே தனிப் பிரிவு இருக்கிறது. வழிகாட்டி நூல்களைச் சுமந்து வந்த தங்கை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள், மாலைவரை.